தலைமன்னார் இறங்குதுறை நிலையம்

எங்கள் கல்லூரியிற் பயின்ற மாணவர் ஒருவர், 'எனது ஊர்' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு யான் பணித்தபோது, "எனது ஊர் தலைமன்னார் பியர்" என்று தொடங்கியிருந்தார். பியர் என்பது ஆங்கிலச் சொல். இலக்கண வகுப்பில் அதற்கு இடமில்லை. சிவப்பு மையினால் அதனை வெட்டி, மேலே 'இறங்குதுறை' என்று எழுதிக் கொடுத்தேன். மாணவர் சற்று நேரம் தயங்கி நின்றார். பின்னர், "ஐயா, இறங்குதுறை என்று எழுதினால் எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்து சேராது" என்றார். வகுப்புச் சிரித்தது; யானுஞ் சிரித்தேன்.

அன்று மாலை எண்ணிப் பார்த்தபோது பிழை என்னுடையதே என்று தோன்றிற்று. தலைமன்னார் பழைய ஊர். அதற்கப்பால், தீவின் மேலைக் கோடியிலே, புகையிரதமுங் கப்பலுஞ் சந்தித்த இடத்தைச் சூழ எழுந்த குடியிருப்பே 'பியர்'. ஊர் முன்னே இருக்க, அதற்கென நிலையம் பின்னே அமைவது உலக வழக்கு. ஈண்டு நிலையம் முன்னே அமைந்தது. ஊர் பின்னே வந்தது. ஆகவே நிலையத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று. சொல் எம்மொழிக்குரியதாயினும் ஆகுக. தாய் இட்ட பெயரைத் தமிழாசிரியன் வெட்டுதல் முறையன்று. மறுநாள் அக்கட்டுரையை வாங்கி, வெட்டிய சொல்லை மீளவும் எழுதிக் கொடுத்தேன்.

'புகையிரதம்' என்னுஞ் சொல்லின் கதியும் இத்தகையதே. நீராவி இயந்திரம் கரும்புகை கக்கி ஓடிய நாளிலே அப்பெயர் பொருத்தமாயிருந்தது. பின்னர் டீசல் வந்தது, பெரும்புகை போயிற்று, பெயர் மாத்திரம் இலங்கையிலே நிலைத்துவிட்டது. தமிழகத்தார் தொடர்வண்டி என்பர். வாய்ப்பேச்சில் ரயில் என்பர். எங்கள் கிராமத்தாரும் மலைநாட்டாரும் 'கோச்சி' என்பர். இந்தக் கோச்சி என்னுஞ் சொல்லைப் பற்றிப் பின்னருஞ் சொல்ல வேண்டியிருக்கின்றது. ஆதலின் வாசகர் அதனை நினைவில் வைத்துக் கொள்வாராக.

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வரும் இருப்புப் பாதை மதவாச்சியிலே கிளைவிடுகின்றது. நேரே செல்வது வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் போவது. இடப்புறம் திரும்புவது தலைமன்னாருக்குப் போவது. இக்கிளையின் நீளம் 106 கிலோமீற்றர். நேரியகுளம், செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மாதோட்டம், திருக்கேதீச்சரம், மன்னார், தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார், அப்பாற் கடல். இப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பழகுவது சிறுபிராயத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. வாய்பாட்டிலே தடுமாறியவனும் இதிலே தடுமாறமாட்டான்.

நிலையப் பலகையிலும் அரச கடிதங்களிலும் எங்கள் தலத்தின் பெயரைத் திருக்கேதீஸ்வரம் என்று வடவெழுத்திட்டு எழுதுவர். தேவாரம் வழங்கிய பெயர் கேதீச்சரம். யான் தேவாரத்தின் பக்கம் நிற்பவன். ஆயினும் பயணச்சீட்டு வாங்கும்போது பலகையிலுள்ளவாறே சொல்லி வாங்கினேன். இல்லையேல் வண்டி போய்விடும்.

இப்பாதை செல்லும் நிலம் நேற்று முளைத்ததன்று. மாதோட்டம் ஈழத்தின் மிகப் பழைய துறைமுகங்களுள் ஒன்று. விசயனுக்கு மணமகளாகப் பாண்டிநாட்டு அரசகுமாரி வந்திறங்கிய துறை மகாதித்தம் என்று மகாவமிசங் கூறும், அது மாதோட்டமேயாம். இராசராசசோழன் காலத்துக் கல்வெட்டொன்று இதனை இராசராசபுரம் என்று வழங்குகின்றது. சங்கப் பாடல்களில் வரும் மாந்தை என்னும் பட்டினத்தையும் இதனையும் ஒன்றெனக் கொண்டு சிலர் மகிழ்வர். அம்மாந்தை சேரர்க்குரியதாகப் பாடப்பட்டது. அதனை இங்கே இழுத்து வருதல் வேண்டா. எம்மூருக்கு உள்ள பெருமையே போதும், கடன்வாங்குவானேன்?

திருஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதீச்சரத்தைப் பாடினர். இருவரும் இராமேச்சரத்திலே நின்று, கடலுக்கு இப்பாலுள்ள தலத்தை நினைந்து பாடினர் என்பது பெரியபுராண வரலாறு. அக்கரையில் நிற்பவர் இக்கரையை நோக்கிப் பாடுதலும், இக்கரையில் நிற்பவர் அக்கரையை நோக்கித் தொழுதலும் இந்தக் கடலின் இயல்பாயிருந்தன. நடுவே கிடப்பது சேதுவின் மணற்றிட்டுக்களே. அதன்மேற் பாதை போட வேண்டுமென்ற ஆசை இராமபிரானோடு முடிந்துவிடவில்லை.

ஆங்கிலேயர் அந்த ஆசையை அளவுகோல் கொண்டு அளந்தனர். தனுக்கோடியிலிருந்து தலைமன்னார் வரை பாலமிட்டு வண்டியை நேரே செலுத்துவது அவர்தம் முதல் எண்ணம். செலவு மிகுதியென்று கண்டு, அதனை விடுத்து, இருபுறமும் பாதையும் நடுவிற் கப்பலும் என்ற வழியை மேற்கொண்டனர். அந்தப் பக்கத்தில் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே 145 கண்களுடைய பாலம் எழுந்தது. கப்பல் போகும்போது நடுக்கண் இரண்டாகப் பிளந்து மேலே எழும். சேர்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலார் பெயரால் வழங்குவது அவ்வமைப்பு. 1914 பெப்ரவரி 24 ஆந் தேதி அப்பாலந் திறக்கப்பட்டது. இந்தப் பக்கத்தில் மதவாச்சி தொடக்கம் தலைமன்னார் இறங்குதுறை வரை பாதை முடிந்து, அதே ஆண்டில் இருநாட்டு வண்டிகளுங் கப்பலினால் இணைந்தன.

அதற்கு முன்னர்ச் சென்னையிலிருந்து கொழும்புக்கு வருவோர் தூத்துக்குடி வரை வண்டியில் வந்து, ஓர் இரவு முழுதுங் கடலில் உழன்று கொழும்பிலே இறங்கினர். புதிய வழியிற் கடற்பயணம் ஏறக்குறைய 22 மைலாகச் சுருங்கிற்று. வாந்தியுஞ் சுருங்கிற்று என்று முதியோர் சொல்லிக் கேட்டிருக்கின்றேன்.

ஈதெல்லாம் மன்னார் மக்கள்மீது இரக்கங் கொண்டு செய்த காரியம் என்று எவரும் மயங்க வேண்டா. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். தபால் விரைவாகப் போக வேண்டும். வணிகம் வளர வேண்டும். இவையே காரணம். முன்னர் 1820களிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் தோணிகளிலே மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலுந் தாகத்தாலும் வழியிலே விழுந்தவர் தொகையை எழுதி வைப்பாரில்லை. புகையிரதம் வந்தபின் அந்த நடை ஒழிந்தது. மண்டபத்திலே முகாம் அமைத்து, தோட்டத்துக்கு வருபவரைச் சில நாள் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, அம்மை குத்தி, கப்பலேற்றினர். மண்டபம் முகாம் என்ற பெயரையும் வாசகர் மறவாதிருப்பாராக.

இந்த வழியின் நடைமுறை எவ்வாறிருந்தது என்பதை இக்கால மாணவர் அறியார். கொழும்புக் கோட்டையிலே இரவு தபால் வண்டி ஏறினால், விடியற்காலையிற் கண்விழிக்கும்போது இருபுறமும் பனையுந் தாழையும், அப்பால் நீரும் தெரியும். இலங்கைப் பாதை 5 அடி 6 அங்குல அகலம். எதிர்க்கரைப் பாதையோ ஒரு மீற்றர் அகலம். ஆகையினாலே ஒருநாட்டு வண்டி மறுநாட்டுப் பாதையிற் கால்வைத்தல் இயலாது. பயணிகள் இறங்குவர், பெட்டிகள் இறங்கும், தபால் மூட்டைகள் இறங்கும். சுங்கத்தார் பெட்டியைத் திறந்து பார்ப்பர். குடிவரவு அலுவலர் தாள்களைப் பார்ப்பர். பின்னர்க் கப்பல். அவற்றுள் இர்வின், கோசன் என்னும் இரண்டு நெடுங்காலம் உழைத்தன. முன்னது இந்திய அரசப்பிரதிநிதியின் பெயர், பின்னது சென்னை ஆளுநரின் பெயர். அக்கரையிலே தனுக்கோடித் துறையிற் 'போட் மெயில்' காத்து நிற்கும். கப்பலின் பெயர் வண்டிக்கு ஏறியது நோக்குக. மானாமதுரை, திருச்சி, தஞ்சை, மாயவரம் எனச் சோழநாட்டை ஊடறுத்து அது சென்னை எழும்பூரைச் சேரும்.

தமிழ் படித்தவர்களாகிய எங்கள் கூட்டத்தார் இவ்வழிக்குப் பெருங்கடன் பட்டவர்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் தொடர்பும், சிதம்பர யாத்திரையும், சென்னை அச்சகங்களின் நூல்களும் ஈழத்துக்கு நெருங்கியவை ஆயினமைக்கு இந்தக் குறுக்குவழி ஒரு காரணம். விபுலானந்த அடிகள் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியரான காலத்தில், இராமேச்சரத்துக்குந் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஒரு வாய்க்கால் போன்றே கருதப்பட்டது. கலைமகளும் ஆனந்த விகடனுங் கல்கியும் இந்தக் கப்பலிலேயே வந்தன. நாதசுரக் கலைஞரும், கதாப்பிரசங்கஞ் செய்வோரும், நாடகக் குழுவினரும் வந்தனர். எங்கள் வீட்டிலுள்ள பழைய நூல்கள் சிலவற்றை விரித்தால் உப்புக்காற்றின் மணம் இன்னும் வருகின்றது என்று என் தந்தையார் சொல்வதுண்டு. எனக்கு அது பூச்சிமருந்தின் மணமாகவே தோன்றும், மறுத்துச் சொன்னதில்லை.

இங்கிருந்து போன பொருள்களுஞ் சில. பேசாலை மீனுங் கருவாடும் கொழும்புச் சந்தைக்கு வண்டியிலேயே போயின. ஆவணி மடுமாதா திருவிழாவுக்குச் சிறப்பு வண்டிகள் மடு வீதி நிலையத்திலே கூட்டத்தை இறக்கும். சைவருங் கத்தோலிக்கருஞ் சிங்களருமாக அந்தக் கூட்டத்திலே சாதி சமயம் பிரித்தறிய இயலாது.

கேதீச்சரத்தின் கதை வேறு. போர்த்துக்கீசராற் கோயில் அழிந்து, பாலாவித் தீர்த்தக்கரை காடாய்க் கிடந்தது. ஆறுமுக நாவலர் 1872 இல் அதனைப் புதுக்க வேண்டுமென்று சைவ மக்களை நோக்கி எழுதினார். அவர் கண்மூடி இருபத்துநான்கு ஆண்டு கழிந்த பின்னரே, 1903 இல், சிறு கோயிலொன்றுக்குக் குடமுழுக்காயிற்று. ஆகவே 1914 இற் பாதை வந்தபோது, வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தவருக்குக் காடே பெரிதாகவுங் கோயில் சிறிதாகவுந் தெரிந்திருக்கும். 1948 இலே திருப்பணிச் சபை தோன்றிற்று; சேர் கந்தையா வைத்தியநாதன் அதிலே தம் உழைப்பையெல்லாம் ஈந்தார். 1976 இல் நிகழ்ந்த குடமுழுக்கு என் நினைவிலே மங்கலாக இருக்கின்றது: தந்தையாரின் தோள், பெருங்கூட்டம், மேளம். சிவராத்திரிக்குக் கோச்சியில் வந்திறங்கும் அடியார் வெள்ளம் நன்கு நினைவிலிருக்கின்றது. நிலையத்திலிருந்து கோயில்வரை தேவாரம் கேட்கும்.

இனித் துறைமுகத்துக்குத் திரும்புவோம்.

1964 ஆம் ஆண்டு இந்த வழிக்கு இரண்டு அடி விழுந்தன. ஒன்று காற்றினால், ஒன்று எழுதுகோலினால். திசெம்பர் 22 ஆந் தேதி இரவு எழுந்த சூறாவளி தனுக்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியொன்றைக் கடல் விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் 145 கண்களுள் 126 இன் உத்திரங்கள் போயின. அப்பாலத்தை 46 நாளிலே செப்பனிட்டுவிட்டனர். தனுக்கோடி மீளவில்லை. அதன்பின் இராமேச்சரத்துக்குந் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. எங்கள் காலத்தில் ஓடிய கப்பல் 'இராமானுஜம்'.

எழுதுகோலினால் விழுந்த அடி அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் தேதி. சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் ஓர் ஒப்பந்தத்திலே கையொப்பமிட்டனர். மலைநாட்டுத் தமிழருள் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்பது அதன் சாரம். 1974 இல் எஞ்சியோரையும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். கணக்கு ஒத்துக்கொண்டது. தொகை பிரிக்கும்போது அண்ணன் ஒரு பக்கமுந் தம்பி மறுபக்கமும், மகள் இங்கும் தாய் அங்குமாகப் போனது கணக்கிலே தெரியாது.

நூறாண்டுக்கு மேலாக ஆட்களை இறக்கி வைத்த கரை அவர்களின் பேரப்பிள்ளைகளைத் திருப்பி ஏற்றத் தொடங்கிற்று. பதுளையிலும் அட்டனிலுங் கண்டியிலும் ஏறியவர்கள் தலைமன்னாரில் இறங்கினர். நிலையங்கள்தோறும் வழியனுப்ப வந்தோரும் வண்டியிலிருந்தோரும் அழுத அழுகையினால் அந்த வண்டிக்கு மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டனர். காரணப்பெயருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்று மாணவர் கேட்கும்போது, பறவை, அணி, நாற்காலி என்று நூலிலுள்ளனவற்றையே சொல்லிக் கொடுக்கின்றோம். இந்தச் சொல்லை யான் ஒருநாளும் வகுப்பிலே சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் பாடம் முடியாது.

என் ஆறாம் வகுப்பிலே ஒரு தோழன் இருந்தான். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அஞ்சித் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களுள் அவனுடையதும் ஒன்று. தந்தையும் தாயும் முருங்கன் பக்கத்தில் வயல்களிலே கூலிவேலை செய்தனர். என் தந்தையார் ஆசிரியர். அவனுடைய கையெழுத்தைக் கண்டு வியந்து, மாலைவேளையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலே இருவருக்கும் ஒருங்கே நன்னூல் தொடங்கினார். அவன் என்னிலும் விரைவாகச் சூத்திரங்களை மனனஞ் செய்வான். அதனை யான் மகிழ்ச்சியோடு பொறுத்துக்கொண்டேன் என்று எழுதினால் பொய்யாகும்.

எங்கள் பக்கத்தில் மலைநாட்டாரை 'வடக்கத்தையார்' என்று இழித்துரைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. சைவமுந் தமிழும் பேசிய வாய்களே அதையும் பேசின. ஒருநாட் போட்டியிலே அவன் முந்திவிட்டான். யான் எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவன் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. மறுநாளும் வழக்கம்போலத் திண்ணைக்கு வந்தான். தந்தையார் இதனை அறியார்.

1983 ஆம் ஆண்டு சிவராத்திரி கழிந்து சில நாளிலே அவர்களுடைய முறை வந்தது. கடவுச்சீட்டு வந்துவிட்டது, கப்பல் நாளுங் குறிக்கப்பட்டுவிட்டது. வழியனுப்புவதற்குத் தந்தையார் என்னையும் அழைத்துக்கொண்டு கேதீச்சர நிலையத்திலே அதே வண்டியில் ஏறினார். பெட்டி முழுதும் மலைநாட்டுச் சனங்கள். தகரப்பெட்டிகள், பாய்ச் சுருள்கள், ஓர் அம்மிக்கல்கூட இருந்தது. கடற்பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்ந்தபோது, கடலையே முன்பின் காணாத குழந்தைகள் சாளரத்திலே நெருங்கினர். பெரியோர் எவரும் வெளியே பார்க்கவில்லை.

துறையிலே சுங்கத்தார் முன் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னே நின்ற கிழவர் ஒருவர் படங்குச் சாக்கிலே எதையோ சுற்றி மார்போடு அணைத்திருந்தார். அலுவலர் பிரிக்கச் சொன்னார். தேய்ந்து மெலிந்த கவ்வாத்துக் கத்தி. தேயிலை வெட்டுங் கத்தி அக்கரையில் எதற்கு என்று அவர் வினவினார். "கையோட பழகினது சாமி, விட்டுட்டுப் போக மனசு வரலீங்க" என்றார் கிழவர். அலுவலர் கத்தியைத் தாமே சுற்றி அவர் கையிற் கொடுத்து, அடுத்தவரை அழைத்தார்.

தோழனின் தாயார் என் தந்தையாரைக் கும்பிட்டு, "போயிட்டு வர்றோமுங்க ஐயா" என்றார். போகிறோம் என்று சொல்லுதல் தமிழர் வழக்கன்று. மீண்டு வராதவரும் போய்வருகிறோம் என்றே சொல்ல வேண்டியிருக்கின்றது. அவன் என்னருகே வந்து நின்றான். அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழிநெடுகிலும் நினைத்து வந்திருந்தேன். "கப்பலிலே தலை சுற்றுமாம், எலுமிச்சம்பழம் வைத்திரு" என்றேன். அவன் தலையசைத்தான். அவ்வளவே பேசியது.

மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த அழகிய கையெழுத்து. நீலகிரிக்கு அனுப்பப் போகின்றார்களாம், அங்கும் தேயிலைதானாம். இங்குள்ளவர்கள் எங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தான். வேறு குறையொன்றுங் கூறவில்லை. தந்தையார் கடிதத்தை வாசித்து, எழுத்துப்பிழை ஒன்றுமில்லை என்று என்னிடம் காட்டினார். யான் எழுதிய மறுமொழியை முகாம் முகவரிக்கே அனுப்பினோம். அதற்குள் அவர்கள் போய்விட்டார்கள் போலும். அவ்வாண்டு ஆடிக் கலவரம்; மறு ஆண்டு, 1984 இலே, கப்பலும் நின்றுவிட்டது. இருபதாண்டுகளில் இந்த இரு ஒப்பந்தங்களினாலும் பிள்ளைகுட்டிகளோடு அக்கரை சென்றோர் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர். கடவுச்சீட்டுப் பெற்றும் கப்பல் நின்றமையாற் போகாது தங்கியோர் பல்லாயிரவர். அவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கைக் குடியுரிமை வழங்கிற்று.

கப்பல் நின்றபின்னும் கடலைக் கடப்பது நிற்கவில்லை. போருக்கு அஞ்சியோர் இரவிலே படகேறி, தனுக்கோடி மணலில் இறங்கினர். அவர்களையும் மண்டபம் முகாமே ஏற்றது. தோட்டத்துக்கு வரும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை, அகதியாகும்போது ஒருமுறை என அந்த முகாம் மூன்று தலைமுறையைக் கண்டுவிட்டது.

1990 இலே புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார் முசுலிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு ஏறிப்போகக் கோச்சியுமில்லை, பலர் படகிலே புத்தளம் பக்கஞ் சென்றனர். கேதீச்சரத்தைச் சூழ இராணுவம் நிலைகொண்டது. வடபகுதியெங்கும் தண்டவாளங்களுஞ் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாதை கிடந்த மேட்டிலே உடைமரங்கள் முளைத்தன. எங்கள் நிலைய வரிசையை ஒப்புவிக்கும் விளையாட்டை அறியாத ஒரு தலைமுறை வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்றது.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியால் இந்தியப் பொறியியலாளர் பாதையை மீள அமைத்தனர். 2013 மே மாதத்தில் மடு வீதி வரையும் வண்டி வந்தது. 2015 மார்ச்சு 14 ஆந் தேதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தலைமன்னாருக்கு வந்து, இறங்குதுறை நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டிக்குக் கொடியசைத்தார். கேதீச்சரமும் கருங்கற்றிருப்பணி நிறைவேறி 2022 யூலை 6 ஆந் தேதி குடமுழுக்குப் பெற்றது. பாம்பனிலும் பழைய பாலம் ஓய்ந்து, 2025 ஏப்பிரலிலே புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பலைப் பொறுத்தவரை, 2023 ஒக்டோபரிற் தொடங்கியது நாகப்பட்டினத்துக்குங் காங்கேசன்துறைக்கும் இடையே. அது பிறிதொரு வழி. அதே 2023 யூலை இறுதியில், மலைநாட்டார் வந்து இருநூறாண்டு நிறைந்தமையை நினைந்து, பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே கால்நடையாகச் சென்றனர். அவர்களுக்கு வண்டி வேண்டியிருக்கவில்லை.

2018 ஆம் ஆண்டிலே எங்கள் மாணவரை அழைத்துக்கொண்டு அந்தத் துறைக்குச் சென்றேன். வழிகாட்டியவர், முன்னே சொன்ன 'பியர்' மாணவரே. புதிய நிலையம் வெள்ளையடித்துத் துப்புரவாக இருந்தது. பாதை முடியுமிடத்துக்கு அப்பால், பழைய துறைமேடையின் தூண்கள் கடலுக்குள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு கடற்காகம். கப்பல் எந்தத் தூணருகே நிற்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். சொல்ல முயன்றேன், இயலவில்லை. அந்நாளிலே அத்துணை சனக்கூட்டத்தில் யான் தூணைப் பார்க்கவில்லை.

மாணவருடைய ஆச்சி எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் தந்தார். இளமையிலே அவர் நிலையத்து வாயிலிற் பயணிகளுக்கு இடியப்பமுந் தேநீரும் விற்றவர். "அழுதுகொண்டு வாற சனத்திட்டக் காசு வாங்க ஏலாது ஐயா. பிள்ளையளுக்குச் சும்மா குடுத்துவிடுவன். பிறகு முதலே போச்சு" என்று சிரித்தார். பின்னர், என்னை உற்றுப் பார்த்து, "உங்களுக்கும் ஆரும் போனவையோ?" என்று கேட்டார்.

"ஓம் ஆச்சி, ஒரு கூட்டாளி" என்றேன்.

"கடிதம் வாறதோ?"

"ஒன்று வந்தது."

ஆச்சி ஒன்றுங் கூறாமல் என் கிளாசை வாங்கி மீளவும் நிரப்பினார். நிலையத்திலே மணி அடித்தது. மாணவரை எண்ணிப் பார்த்தேன், இருவர் குறைந்தனர். அவர்கள் இன்னுந் தூண்களருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பியர் மாணவர் ஓடிப்போய் அழைத்துவந்தார். வண்டி புறப்பட்டது.